மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் ஆடைத் தேர்வு

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்ற பெண்கள் பலர், மறுபரிசோதனையின்போது காயத்தைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் கேட்டு முடித்தபின், எழுந்து செல்லும் நேரத்தில் தயக்கத்துடன் இன்னொன்றையும் கேட்கின்றனர்: “இனி நான் பழையபடி சேலை கட்டலாமா?” இக்கேள்வியை நாங்கள் சிறிதாகக் கருதுவதில்லை. உடுத்திக்கொள்ளக் கூச்சப்பட்டுத் திருமண வீடுகளுக்குச் செல்லாமலும், வேலைக்குத் திரும்பாமலும், கண்ணாடியைப் பார்க்காமலும் இருந்துவிடுகிற பெண்கள் உள்ளனர். தம் உடலைப் பார்க்க மறுப்பவர், அதில் தோன்றும் புதிய வீக்கத்தையும் தடிப்பையும் காணத் தவறிவிடக்கூடும். எனவே ஆடையைப் பற்றிப் பேசுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

முதல் சில வாரங்கள்

வீடு திரும்பும்போது, காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் குழாய் சிலருக்கு உடலிலேயே இருக்கும். கையைத் தலைக்கு மேல் உயர்த்துவதும் கடினமாக இருக்கும். ஆகவே முன்புறம் திறக்கும் தளர்வான பருத்தி நைட்டியோ சட்டையோ ஏற்றது. அணியும்போது அறுவை செய்த பக்கத்துக் கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை பெறுவோரின் தோல் எளிதில் புண்படும். கம்பி வைத்த உள்ளாடை, இறுக்கமான எலாஸ்டிக், உராயும் ஜரிகை ஆகியவற்றை அக்காலத்தில் தவிர்த்தல் நன்று.

செயற்கை மார்பகம்

தொடக்கத்தில் பஞ்சு அல்லது மென்துணி அடைத்த இலேசான வகையைப் பயன்படுத்தலாம். காயம் முழுமையாக ஆறியபின், பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் கழித்து, மருத்துவரின் ஆலோசனையுடன் சிலிக்கோன் வகைக்கு மாறலாம். கதிர்வீச்சு பெறுவோருக்கு இன்னும் சிறிது காலம் ஆகலாம். சிலிக்கோன் வகைக்கு இயல்பான மார்பகத்தை ஒத்த எடை உண்டு. அது தோள்கள் இரண்டையும் சமநிலையில் வைத்துக்கொள்ள உதவும். அது நழுவாதிருக்க, உள்ளாடையின் உட்புறத்தில் மெல்லிய துணியால் ஒரு பை தைத்துக்கொண்டால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சேலைக்குக் குத்தும் ஊக்கு பட்டால் சிலிக்கோன் உறை கிழிந்துவிடும். முந்தானையைத் தோளின் மேற்பகுதியில் மட்டும் குத்துங்கள்.

ரவிக்கையும் சேலையும்

பழைய அளவு ரவிக்கையைத் தையற்காரரிடம் கொடுக்காமல், புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். செயற்கை மார்பகம் அணிவதாயின், அதை அணிந்த நிலையிலேயே அளவு கொடுங்கள். கழுத்துச் சற்று ஏறியும், அக்குள் பகுதி தளர்ந்தும், கொக்கி முன்புறத்திலும் இருக்கட்டும். கையை மடக்கும்போதும் சட்டைக்கையின் விளிம்பு அழுத்தாமல், இரு விரல்கள் எளிதில் நுழையும்படி இருக்க வேண்டும்.

நம் வழக்கப்படி முந்தானை இடத் தோளில் விழுவதால் இடப்பக்கம் தானே மறைந்துவிடும். வலப்பக்கம் அறுவை செய்துகொண்டவர்கள் முந்தானையை மடிக்காமல் ஒற்றையாக விரித்துப் போடலாம். குஜராத்தியர் போல வலத் தோளின் வழியே முன்புறம் கொண்டுவந்தும் உடுத்தலாம். கனத்த பட்டுச் சேலையின் முந்தானை அறுவை செய்த பக்கத்துத் தோளை அழுத்துவதாகத் தோன்றினால், சில மாதங்களுக்கு மென்பட்டோ பருத்தியோ உடுத்துங்கள்.

கையைக் கவனியுங்கள்

அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றியவர்களுக்குக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் உண்டாகலாம். இது பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தும் தோன்றும். வளையல், மோதிரம், சட்டைக்கை ஆகியவை முன்பைவிட இறுகினாலோ, தோலில் தடம் பதித்தாலோ அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம். அவற்றைக் கழற்றிவிட்டு எங்களிடம் காட்டுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

விருப்பம் உங்களுடையது

செயற்கை மார்பகம் அணியாமலே இருக்க விரும்பும் பெண்களும் உள்ளனர். அதுவும் முறையான முடிவே. யாருக்காகவும் அணிய வேண்டியதில்லை. யாருக்காகவும் கைவிடவும் வேண்டியதில்லை. விரும்பிய நிறத்தையும் பூவையும் பொட்டையும் விட்டுவிட வேண்டிய மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். “இந்த வயதில் யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று ஆறுதலாகச் சொல்லும் சொல்லும் புண்படுத்தும். அதற்கு மாறாக, தையற்கடைக்கு உடன் செல்லுங்கள். ஊக்குக் குத்த உதவுங்கள். அவர் உடுத்தி முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, பொருந்தாத ரவிக்கையையோ உள்ளாடையையோ தயங்காமல் எடுத்து வாருங்கள். எங்கே இறுகுகிறது, எதை மாற்றலாம் என்று செவிலியரும் நாங்களும் சேர்ந்து பார்த்துச் சொல்வோம்.