பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

கண்டரமாணிக்கம் போன்ற செட்டிநாட்டு ஊர்களின் பழைய வீடுகளிலிருந்து வெளிவரும் பொருள்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. அங்கே கிடைக்கும் அயல்நாட்டுத் தகரப் பெட்டிகள் சிலவற்றில் வட்ட வட்டமாகப் பதக்கப் படங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை பொருட்காட்சிகளில் பெற்ற பரிசுகளைப் பறைசாற்றும் விளம்பரங்கள். அசல் பதக்கமோ வேறொரு செய்தியைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

1851ஆம் ஆண்டு லண்டன் ஹைடு பூங்காவில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியில் பொருள்கள் 30 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. 170 மன்றப் பதக்கங்களும் 2,918 பரிசுப் பதக்கங்களும் வழங்கப்பட்டன, யாவும் வெண்கலமே. பரிசுப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவர் பெயரும் வகுப்பு எண்ணும் பொறிக்கப்பட்டன. பங்கேற்றோர் அனைவருக்கும் தனிப் பதக்கம் ஒன்றும் உண்டு. ஆதலின் கையில் கிடைத்த ஒவ்வொன்றையும் பரிசு என்று கருதிவிடலாகாது.

உரியவரைத் தேடுவோர் முதலில் விளிம்பைப் படிக்க வேண்டும். பின்னர் வகுப்பு எண்ணைக் கொண்டு, அச்சேறிய நடுவர் அறிக்கைகளோடும் காட்சிப் பட்டியலோடும் ஒப்புநோக்க வேண்டும். சென்னையில் 1855லும் 1857லும் நடந்த பொருட்காட்சிகளுக்கும் நடுவர் அறிக்கைகள் உள்ளன. பளபளப்பு வேண்டித் தேய்ப்பது பெருந்தவறு. எழுத்துகள் மழுங்கினால் சான்றே அழிந்துவிடும்.

இங்கு இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. ஒன்று, பெயர்த் திரிபு. ஆங்கில எழுத்தர்கள் லெப்பை என்பதை லப்பை என்றும் லுப்பே என்றும் பலவாறு எழுதினர். தமிழ், அரபுப் பெயர் வழக்கை அறிந்தோரே இவற்றை ஒருவரின் பெயரென இனங்காண இயலும். மற்றொன்று, பதக்கத்திலுள்ள பெயர் பொருளைச் செய்தவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 1851இல் இந்தியப் பொருள்களைத் திரட்டி அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. நெய்தவர் ஒருவராகவும் அனுப்பியவர் வேறொருவராகவும் இருக்கையில், புகழ் அனுப்பியவரைச் சேர்ந்தது. பத்தமடைக் கோரைப்பாயை நெய்து வரும் லெப்பைக் குடும்பங்களைப் போன்ற கைவினைஞர்களின் வரலாற்றை எழுத முனைவோர், இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

ஆகவே பதக்கம் சேகரிப்போர், அது எந்த ஊரில், எவ்வகை வீட்டில், எப்பொருளோடு கிடைத்தது என்பதைக் கிடைத்த அன்றே எழுதி வைக்க வேண்டும். கைமாறக் கைமாற அத்தடம் மறையும். விளிம்பில் உள்ள பெயர் தேடலின் தொடக்கமே. அங்கே இடம்பெறாத கைகளையும் தேடிச் சென்றால்தான் அத்தேடல் நிறைவுறும்.