அமுதமும் நஞ்சாகும் வேளை

(பி.எஸ்ஸி., மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் மொழி. விருந்து வீட்டில் சொல்லத் தக்க பழமொழி என்றே நான் இதனை நெடுநாள் எண்ணியிருந்தேன். உணவின்றி வாடிய குழந்தைக்கும் இது பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் கற்றேன்.

என் அக்காள் மகனுக்கு வயிற்றுப்போக்கு. அவனுக்குத் துணையாக அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஐந்து நாள் தங்கியிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. எடை ஆறே கிலோ. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அழக்கூடத் தெம்பின்றிக் கிடந்தது. இரண்டு மணிக்கு ஒரு முறை செவிலியர் வந்து, மூக்கின் வழியே செலுத்தியிருந்த குழாயில் சிறிது பாலுணவை ஊற்றிவிட்டுப் போவார்.

"பட்டினியாக் கிடந்த புள்ளைக்கு இம்புட்டுப் பாலுதானா தம்பி?" என்று அதன் தாய் என்னிடம் கண் கலங்கினார். எனக்கும் பொறுக்கவில்லை. வாசலில் இருந்த கடைக்குச் சென்று பன்னும், வாழைப்பழமும், சர்க்கரை மிகுதியாகக் கலந்த பாலும் வாங்கி வந்தேன். செவிலியர் பார்த்துவிட்டார். "நல்ல மனசுதான் தம்பி. ஆனா இதையெல்லாம் இப்பக் கொடுத்தா, புள்ளையோட இதயமே நின்னுபோனாலும் போகும்" என்றார்.

அச்சொல் என்னை உறங்கவிடவில்லை. விடுமுறை முடிந்ததும் நூலகத்தில் தேடிப் படித்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இக்கேட்டிற்கு மருத்துவர்கள் இட்ட பெயர் ரீஃபீடிங் சிண்ட்ரோம். தமிழில் 'மறு ஊட்டக் கேடு' எனலாம். உணவு கிடைக்காதபோது உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிரைக் காக்கிறது. இன்சுலின் சுரப்பு குறைகிறது. இதயமும் சிறுநீரகமும் சிக்கனமாக இயங்குகின்றன. உயிரணுக்களுக்குள் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை மெல்ல மெல்லக் குறைகின்றன. ஆயினும், குருதியைச் சோதித்தால் அளவு சரியாக இருப்பதுபோலவே தோன்றலாம். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

இந்நிலையில் மாவுப்பொருளோ சர்க்கரையோ மிகுதியாகச் சென்றால் இன்சுலின் திடீரெனப் பெருகுகிறது. நரம்பில் வேகமாக ஏற்றும் குளுக்கோஸும் இதையே செய்யும். காய்ந்து வெடித்த வயலுக்கு மடை திறந்தால் என்ன ஆகும்? வாய்க்கால் நீரையெல்லாம் முதல் வயலே உறிஞ்சிவிடும். கடைமடை வறண்டு போகும். அதுபோல், குருதியில் இருந்த பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் உயிரணுக்களுக்குள் பாய்ந்துவிடுகின்றன. குருதியில் அவற்றின் அளவு சரிகிறது.

உடலின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்டுகள் உள்ளன என்பதை வகுப்பில் படித்திருக்கிறோம். அதனை உண்டாக்கப் பாஸ்பேட் போதாதபோது மூச்சுத் தசைகள் தளர்கின்றன. பொட்டாசியமும் மக்னீசியமும் குறைவதால் இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. சர்க்கரையை எரிக்கத் தேவையான தயமின் என்னும் வைட்டமின் பி-1 தீர்ந்து போகிறது. உப்பும் நீரும் உடலில் தேங்கி வீக்கம் காண்கிறது.

இக்கொடுமையை உலகம் போர்க்களத்தில் கண்டது. 1945 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் முகாமைப் பிரிட்டிஷ் படை விடுவித்தபோது அங்கே ஏறத்தாழ 60,000 பேர் இருந்தனர். விடுதலைக்குப் பின்னும் 13,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். டைபஸ் காய்ச்சலும் நெடும்பட்டினியும் பெருங்காரணங்கள். எனினும், வீரர்கள் இரக்கத்தோடு அளித்த டின் இறைச்சி போன்ற கொழுத்த உணவைத் தாங்க மாட்டாமல் இறந்தவர்களும் அவர்களுள் உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட, சர்க்கரையும் பால் தூளும் கலந்த கூழும் பின்னர் அங்கே கொடுக்கப்பட்டது.

அப்படியானால் குழந்தையைப் பட்டினி போடுவதா? அதுவும் ஆகாது. உணவு தாமதித்தால் சர்க்கரை குறைந்து, உடல் குளிர்ந்து, உயிருக்கே ஆபத்தாகும். ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட கையேடு நடுவழி ஒன்றைக் காட்டியது. முதலில் எஃப்-75 என்னும் பாலுணவு. இதில் 100 மில்லிக்கு 75 கிலோ கலோரி, புரதமும் குறைவு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 130 மில்லி. கடும் வீக்கம் இருந்தால் 100 மில்லிதான். ஆறு கிலோக் குழந்தைக்குக் கணக்கிட்டால் நாளுக்கு 780 மில்லி. இரண்டு மணிக்கு ஒரு முறை கொடுக்க, வேளைக்கு 65 மில்லி. நான் கண்டு மனம் குமுறிய 'சிறிது பால்' இந்தக் கணக்குத்தான்! அதனோடு பொட்டாசியம், மக்னீசியம், வைட்டமின்களும் சேர்கின்றன. நிலை சீரான பிறகு எஃப்-100 தொடங்கும்.

முதல் ஐந்து நாட்களே மிகுந்த விழிப்புக்குரியவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள குழந்தைக்கு இந்நாட்களில் குருதியைத் திரும்பத் திரும்பச் சோதித்து, குறைந்த உப்புகளை ஈடு செய்து, உணவைப் படிப்படியாகக் கூட்டுகின்றனர். திடீர் வீக்கம், மூச்சு வாங்கல், நாடி விரைதல், சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாங்கள் வீடு திரும்பும் நாள் காலையில் அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. தாய் பதறி எழுந்தார். செவிலியரோ சிரித்துக்கொண்டே வந்தார். "பசிச்சு அழுவுதும்மா. இதுக்குத்தான் காத்திருந்தோம்" என்றார். பசி திரும்புவதே உணவைக் கூட்டத் தொடங்கலாம் என்பதற்கு அடையாளமாம்.

நண்பர்களே, நாமும் நாளை வெள்ள நிவாரணத்திற்கோ நாட்டு நலப்பணிக்கோ போவோம். எலும்பும் தோலுமான குழந்தையைக் கண்டால் கையிலுள்ள தின்பண்டத்தை நீட்டத் தோன்றும். அப்போது அந்தக் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே செவிலியர் அளந்து ஊற்றும் பாலைக் கண்டு, நான் கொண்டதுபோல் கோபம் கொள்ளாதீர்கள்.