மறுபடியும் கண்ணாடி முன்னால்

மதுரை காளவாசலில் ஒரு சின்னத் தெரு. அங்கே குடியிருக்கும் அந்தச் சகோதரிக்கு வயது 41. "பேரு மட்டும் போட்டுடாதீங்கக்கா" என்று கேட்டுக்கொண்டார். மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷனில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அப்புறம் கீமோ, அதற்கப்புறம் 'கரண்ட்' வைத்தல். எல்லாம் முடிந்து, "நல்லாயிருக்கீங்க, செக்கப்புக்குத் தவறாம வாங்க" என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார். வீடே சந்தோஷப்பட்டது.

"நான் மட்டும் பீரோ கண்ணாடி மேல துண்டைப் போட்டு மூடி வச்சிருந்தேன். நாலு மாசம்! குளிக்கிறப்பகூட லைட்டை அணைச்சிருவேன். அத்தை பார்த்துட்டு, 'உசுரு பொழச்சதே சாமி புண்ணியம், இதுக்குப் போயி அழுகலாமா?'ன்னாங்க. சின்னவ வந்து சாய்ஞ்சா, 'இந்தப் பக்கம் வேணாம்டி'ன்னு தள்ளி விடுவேன். ஒருநாள் அவ கேட்டா, 'அம்மா, உனக்கு என்மேல கோவமா?' அன்னிக்குத்தான் துண்டை எடுத்தேன்."

நோய் போய்விட்டது, ஆனால் உடம்பு இன்னும் தன்னுடையதாகத் திரும்பி வரவில்லை. சிகிச்சை முடித்த எத்தனையோ பெண்களுக்கு இந்த நிலைதான். இதை அழகுப் பைத்தியம் என்று தள்ளிவிடாதீர்கள். இழந்ததற்காக வருத்தப்படுவது இயற்கை.

வழி காட்டிய பெண்கள்

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்தவர். அந்த வேதனையிலிருந்து எழுந்ததுதான் 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். டாக்டர் சாந்தா 2021-ல் மறையும்வரை தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்.

அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு 1952-ல் மார்பை எடுத்தார்கள். கையை எப்படி அசைப்பது, என்ன உடை உடுத்துவது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. எனவே, குணமானதும் தாமே ஆஸ்பத்திரிகளுக்குப் போய், அதே ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களின் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். நம் ஊரில் நடிகை கௌதமியும் தாம் மீண்டு வந்ததை ஒளிக்காமல் பேசி வருகிறார்.

முதலில் கை

அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கை வீங்க வாய்ப்பு உண்டு. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்தால் தோள் இறுகிப்போகும். டாக்டர் அனுமதித்த பிறகு, சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெள்ள மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அடுத்த வாரம் கோடு கொஞ்சம் உயரும். "அடுப்படிச் சுவத்துல இன்னும் அந்தக் கோடெல்லாம் இருக்கு, வெள்ளையடிக்க விடலை" என்று சிரிக்கிறார் காளவாசல் சகோதரி.

தண்ணீர்க் குடத்தை எடுத்த எடுப்பில் தூக்கவேண்டாம். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அரிவாள்மணை வெட்டு, எண்ணெய்ச் சூடு படாமல் கையைக் காப்பாற்றுங்கள். கை சிவந்து, வீங்கி, காய்ச்சலும் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

முடியும் களைப்பும்

கீமோவில் கொட்டிய முடி, பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முளைக்கத் தொடங்கும். முதலில் சுருட்டையாகவோ வேறு நிறமாகவோ வரலாம். "பழனிக்கு முடி குடுத்தேன்னு தெருவுல சொல்லிச் சமாளிச்சேன்" என்றார் இவர். களைப்பு மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கும். அது சோம்பேறித்தனமல்ல. தினமும் கொஞ்ச தூரம் நடந்தால் அது குறையும்.

ரவிக்கைக்குள்ளே

ஒரு பக்கம் எடை குறைந்தால் தோளும் முதுகும் வலிக்கலாம். புண் ஆறும்வரை பஞ்சு வைத்துத் தைத்த மெல்லிய துணி மார்பு போதும். நன்றாக ஆறியபின், எடையுள்ள சிலிக்கான் மார்பைப் பாடிக்குள் வைத்துக்கொள்ளலாம். தைக்கத் தெரிந்த சகோதரிகள் பாடியின் உட்புறம் ஒரு பை வைத்துத் தைத்துவிட்டால் அது நகராது. ஒன்றுமே வைக்காமல் இருப்பதும் உங்கள் இஷ்டம். மறு ஆபரேஷன் செய்து மார்பை உருவாக்கவும் வழியிருக்கிறது, டாக்டரைக் கேளுங்கள்.

கணவரும் நீங்களும்

இந்த நோய் தொட்டால் ஒட்டாது. அவர் விலகிப் படுத்தால், வெறுப்பு என்றே முடிவு கட்டாதீர்கள். வலிக்குமோ என்ற பயமாகவும் இருக்கலாம். வாய்விட்டுப் பேசுங்கள். சிகிச்சையால் பிறப்புறுப்பில் வறட்சியும் வலியும் வரலாம். வெட்கப்படாமல் டாக்டரம்மாவிடம் சொன்னால், அதற்கான ஜெல் எழுதிக் கொடுப்பார். இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: தூரம் நின்றுபோனாலும் கர்ப்பம் தரிக்கக்கூடும். டமாக்சிஃபென் போன்ற மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் கூடாது. ஹார்மோன் இல்லாத தடுப்பு முறை எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் பார்க்கவேண்டும்?

முதலில் துணிமேல் கை வையுங்கள். பிறகு தழும்பைத் தொடுங்கள். அப்புறம் கண்ணாடியில் ஒரு நிமிஷம். அவசரமே இல்லை. ஆனால், பார்க்காமலே இருந்துவிடக்கூடாது. தழும்பருகே புதுத் தடிப்போ, மறு மார்பில் கட்டியோ வந்தால், தினம் பார்க்கிற கண்ணுக்குத்தான் சீக்கிரம் தெரியும். டாக்டர் சொன்ன தேதியில் மேமோகிராமும் எடுத்துவிடுங்கள். தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் மனசு வாரக்கணக்கில் கனத்துக் கிடந்தால், அதுவும் வைத்தியம் பார்க்கவேண்டிய விஷயமே. அரசு இராசாசி மருத்துவமனை நம்ம மதுரையிலேயே இருக்கிறது.

நான் கிளம்பும்போது சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அம்மாவின் இடது பக்கமாகவே சாய்ந்துகொண்டாள். அவரும் தள்ளவில்லை.

"இந்த உடம்புதானேக்கா அத்தனை கீமோவையும் தாங்குச்சு? அதுகூடப் போயி பேசாம இருந்தா நியாயமா?" என்றார்.