சாப்பிடாத நாளின் சர்க்கரை

"மூணு நாளா காய்ச்சல். நேத்து ராத்திரி ரெண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான். காலையில குத்திப் பார்த்தா 238! மருமக என்னை ஒரு மாதிரி பாக்குறா. எதையோ ஒளிச்சு வச்சுத் தின்னுட்டேன்னு நினைக்கிறா."

சர்க்கரை போடாத டீயை ஆற்றிக்கொண்டே பெரியம்மா சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. சர்க்கரை நோயாளிகள் மீது வீட்டார் சுமத்தும் இந்தத் திருட்டுப் பட்டம் எனக்குப் பொறுக்காது.

"அது வாய் வழியா வந்த சர்க்கரை இல்ல பெரியம்மா. உங்க கல்லீரல் கொடுத்தது" என்றேன்.

டீஸ்பூனை எடுத்துக் காட்டினேன். உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். நோய் இல்லாதவருக்கு அத்தனை ரத்தத்திலும் கரைந்திருப்பது ஏறக்குறைய 5 கிராம், அதாவது இந்த ஒரு ஸ்பூன்தான். 238 என்றால் இரண்டரை ஸ்பூன்கூட இல்லை. கல்லீரலோ கிளைகோஜன் என்ற உருவில் 100 கிராம் அளவுக்கு இருப்பு வைத்துக்கொள்ளக்கூடியது. பட்டினியில் அது கரைந்தாலும் விடாது. தசையின் புரதத்திலிருந்தும் கொழுப்பு உடையும்போது வரும் கிளிசராலிலிருந்தும் புதிதாகச் சர்க்கரை செய்யும். பிரான்சில் கிளாட் பெர்னார்ட் 1848-இல் வெறும் இறைச்சி தின்ற நாயைச் சோதித்தபோதே, கல்லீரலைவிட்டு வெளியேறும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது.

கொடு என்று கல்லீரலுக்குச் சொல்வது யார்? காய்ச்சல், வலி, பயம், சண்டை, தூக்கமின்மை எது வந்தாலும் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஓடவோ போராடவோ எரிபொருள் வேண்டுமே! அட்ரினலின் நிமிடங்களில் வேலையைக் காட்டும். கார்ட்டிசால் மெதுவாக, மணிக்கணக்கில். மூன்றும் சேர்ந்து வந்தால் தனித்தனியே ஏற்றுவதைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாகவே ஏறும். அட்ரினலின் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதுகூட இல்லை. வெளியே நின்று சேதி சொல்கிறது, சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு அதை உள்ளே கொண்டுபோகிறது. அதைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லாந்துக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது.

"இதெல்லாம் எல்லாருக்கும் நடக்குறதுதானே? எனக்கு மட்டும் ஏன் இப்படி ஏறுது?"

சரியான கேள்வி. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். பரிமாறுகிறவர் வாளியோடு வருகிறார். நாம் இலைக்கு மேல் கையை நீட்டிப் போதும் என்கிறோம், அவர் நகர்ந்துவிடுகிறார். அந்தக் கைதான் இன்சுலின். நோய் இல்லாத உடம்பில் சர்க்கரை கொஞ்சம் ஏறியதுமே கணையம் இன்சுலினைக் கூட்டும், கல்லீரல் அடங்கும். அட்ரினலின் தொடர்ந்து இருந்தாலும் கல்லீரல் கொடுக்கும் வேகம் நீடிப்பதில்லை. முதல் வகை நோயில் நீட்டுவதற்குக் கையே இல்லை. ஊசி வழியே போட்ட அளவுதான் கதி, தேவைக்கேற்ப அது தானாகக் கூடாது. பெரியம்மாவுக்கு இருக்கும் இரண்டாம் வகையில் கை நீள்கிறது, ஆனால் பரிமாறுகிறவர் கண்ணில் சரியாகப் படுவதில்லை. போதாக்குறைக்கு அட்ரினலின் கணையத்தின் இன்சுலின் சுரப்பையும் தடுத்து வைக்கிறது. ஆக, அதே காய்ச்சல் மருமகளுக்கு வந்தால் இலையில் ஒரு கரண்டி விழும், பெரியம்மாவுக்கு வாளியே கவிழும்.

பெரியம்மா தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். "சாப்பிடலைன்னு மூணு நாளா சுகர் மாத்திரையும் போடலப்பா."

எனக்குத் திக்கென்றது. நல்ல எண்ணத்தில் பலர் செய்யும் தவறு இது. சாப்பிடாத நாளிலும் கல்லீரல் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், காய்ச்சலில் இன்னும் அதிகமாக. இன்சுலின் ஊசி போடுகிறவர் அதை அறவே விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரைகளில் சிலவற்றைத் தொடர வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் சிலவற்றை நிறுத்த வேண்டும். எது எதை என்று டாக்டர்தான் சொல்ல முடியும், அதுவும் அன்றைக்கே.

டீ ஆறிப்போயிருந்தது. மாத்திரை அட்டைகளையும் அளவு குறித்த நோட்டையும் மஞ்சள் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, பெரியம்மா உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார்: "நீயும் கூட வா. டாக்டர் சொல்றதை நீயே கேளு."