மைசூருக்கு 100, ஜாரியாவுக்கு 300

புதுதில்லி: கர்நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. ஆயினும், திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில் புழுதி கிளப்பி ஓடும் ராட்சத டம்பர் லாரிகளில் பல, மைசூரில் உருவானவை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள பொதுத்துறை நிறுவனமான பிஇஎம்எல், அங்கு பெலவாடி ஆலையில் அவற்றைத் தயாரிக்கிறது. கோல் இந்தியா அதன் முக்கிய வாடிக்கையாளர். புழுதியை அடக்கத் தண்ணீர் தெளிக்கும் வண்டிகளையும் இதே நிறுவனம் தயாரித்துத் தருகிறது என்பதுதான் வேடிக்கை.

எனவே கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாடாளுமன்றத்தில் நிலக்கரித் தூசி குறித்துக் கேள்வி எழும்போதெல்லாம், அமைச்சகத்தின் பதில் பெரும்பாலும் கருவிகளின் பட்டியலாகவே அமைகிறது. சுரங்கத் தூசியின் பெரும்பங்கு, டம்பர்கள் ஓடும் மண்பாதையில்தான் கிளம்புகிறது. கோடையில் தெளித்த நீர் சிறிது நேரத்திலேயே காய்ந்துவிடும். மீண்டும் மீண்டும் தெளித்தாக வேண்டும்.

எவ்வளவு தூசி வரை குற்றமில்லை என்பதே இங்கு முக்கியமான கேள்வி. 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளின்படி, 10 மைக்ரானுக்கு உள்பட்ட நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மைசூர்வாசிக்கு உரிய அளவு இது. ஆனால், நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 2000 செப்டம்பரில் வெளியான தனி அறிவிக்கை, ஜாரியா, ராணிகஞ்ச், பொகாரோ ஆகிய பழைய வயல்களுக்கு 300 வரை அனுமதித்தது. அதுவும், தூசி கிளம்பும் இடத்திலிருந்து 500 மீட்டர் தள்ளி அளந்தால் போதும். சுரங்கம் பழையது என்பதால் விதி தளர்ந்தது. 2020-களிலும் சுரங்க நிறுவனங்களின் அறிக்கைகள் இதையே அளவுகோலாகக் காட்டி வந்துள்ளன.

நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய், 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. எனினும், அது சுரங்கத் தொழிலாளிக்கு மட்டுமே பொருந்தியது. வேலிக்கு வெளியே குடியிருப்போர் கணக்கில் வரவில்லை.

ஜாரியாவில் நிலத்தடித் தீயை அணைக்கவும், மக்களை மறுகுடியமர்த்தவும் 2025 ஜூனில் மத்திய அமைச்சரவை ரூ. 5,940 கோடியில் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இடம்பெயரும் வரை மக்கள் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். 300 என்ற அளவைக் குறைக்க நாடாளுமன்றத்தில் புதிய மசோதா எதுவும் தேவையில்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் ஓர் அறிவிக்கையே போதும்.