கெல்லி கோட்டையும் கல் குழிகளும்

ஜெலாப்பாங்கிலிருந்து பத்துகாஜா பக்கம் போய் வந்தவர்கள் கெல்லி கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். கோட்டை என்று பெயரே தவிர, அது கட்டி முடியாத ஒரு மாளிகை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி சுமித் என்னும் தோட்டத் துரை 1915ஆம் ஆண்டு வாக்கில் அதைக் கட்டத் தொடங்கினார். கோபுரத்துக்கு மின்தூக்கி வைக்கவும் எண்ணம் இருந்தது. 1926இல் அவர் லிஸ்பன் நகரில் சளிக்காய்ச்சல் கண்டு இறந்தார். வேலை அதோடு நின்றது.

அதைக் கட்டியவர்கள் நம்மவர்கள். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய விஷக் காய்ச்சலில் அங்கே பலர் மாண்டார்கள். நோய் தணிய மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, துரை இசைந்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். சற்றுத் தொலைவில் உள்ள அந்தக் கோயிலின் மேல் துரையின் உருவமும் நிற்கிறது. மாண்டவர்களின் பெயர்கள் மட்டும் எங்கும் பொறிக்கப்படவில்லை.

பேரா மாநிலத்தில் இதைவிட மிகப் பழைய சமாதிகளும் உண்டு. தெற்கே சுங்கை, சிலிம் ரிவர் வட்டாரங்களில் கருங்கற் பலகைகளைப் பெட்டிபோல் நிறுத்தி அமைத்த குழிகள் கிடைத்தன. இரும்புக் கருவிகள், பாசிமணிகள், பானை ஓடுகள் அவற்றில் இருந்தன. தமிழ்நாட்டிலும் இப்படிக் கற்பதுக்கை உண்டு. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரிலோ தாழியில் வைத்துப் புதைத்தார்கள். அதனால் இங்கே புதைத்தவர்களும் நம் முன்னோர்தாம் என்று சிலர் மார்தட்டுவதுண்டு. குழி ஒன்றுபோல் இருந்தால் ஆளும் ஒன்றாகிவிடுமா? பலகைக் கல் கிடைக்கும் இடத்தில் எவருக்கும் தோன்றக்கூடிய முறைதானே அது!

அந்தக் குழிகளில் எலும்பு ஏன் அநேகமாக மிஞ்சவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழை மிகுந்த நம் நாட்டு மண் புளிப்புத் தன்மை உடையது. புளித்தண்ணீர் செம்பின் பாசியைத் தின்பதுபோல அது எலும்பைத் தின்றுவிடும். சுண்ணாம்புக் குகையில் அப்படியல்ல. லெங்கோங் பள்ளத்தாக்கின் கூனுங் ருந்து குகையில், 1991ஆம் ஆண்டு வாக்கில், யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியா ஆய்வாளர்கள் ஏறக்குறைய முழு எலும்புக்கூட்டையே எடுத்தார்கள். அது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. பேரா மனிதன் என்று பெயரிட்டார்கள். லெங்கோங் 2012இல் உலக மரபுச் சின்னமானது.

அவனைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பிறவியிலேயே இடக்கை ஊனம். இருந்தும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறான். அக்கால வேட்டை வாழ்வில் சுற்றத்தார் துணையின்றி அது எளிதன்று. கருவில் கிடக்கும் குழந்தைபோல் கால்களை மடக்கி, கல் கருவிகளும் இறைச்சியும் நத்தைகளும் உடன்வைத்து அவனை அடக்கம் செய்திருந்தார்கள். எழுத்தறியாத மக்கள் வைத்த சாட்சி அது.

நம் தோட்டத்துச் சுடுகாடுகளை எண்ணிப் பாருங்கள். மரக்கட்டை நட்டால் கறையான் தின்கிறது. தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனால் புல்டோசர் வருகிறது. மண்ணும் எலும்பைக் காக்காது. ஆகவே பெயர்களை இப்போதே எழுதி வையுங்கள்: யார், எந்த ஆண்டு, எந்த மரத்தடி. நிலம் தோண்டும்போது பழைய கல்லோ பானையோ அகப்பட்டால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, மாவட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். அப்படித் தெரிவிக்கும்படி 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டமும் கேட்கிறது.

ஒரு முறை எங்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு பாட்டியுடன் தோட்டத்துச் சுடுகாட்டுக்குப் போனோம். கல் ஒன்றும் இல்லை. குரோட்டன் செடிகள்தாம் அடையாளம். "இது என் மூத்தவன், இது பால்மரம் வெட்டின எங்க நாத்தனார்" என்று செடி செடியாகக் காட்டிக்கொண்டே போனார். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் 17 பெயர்கள் எழுதினார்கள். இரண்டு செடிகளுக்கு மட்டும் அவருக்குப் பெயர் நினைவுக்கு வரவில்லை.