கெமிஸ்ட்ரிக்கு நடுங்கும் பிளஸ்-2 மாணவர்கள்: மயிலாடி உளிப் பட்டறையிலேயே கிடக்குது பாடம்!

மயிலாடி:-

குமரி மாவட்டத்தில் மயிலாடி என்றால் கல்சிற்பம்தான். ஊருக்குள் நுழைந்தாலே உளிச்சத்தம் காதைப் பிளக்கும்.

படிப்புக்கும் பேர்போன ஊர் இது. ஜெர்மன் பாதிரியார் ரிங்கல்தௌபே 1806-ல் இங்கு வந்தார். 1809-ல் அவர் தொடங்கி வைத்த பள்ளிதான் பிற்பாடு நாகர்கோவிலுக்குப் போனது. 1893-ல் அது ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக உயர்ந்தது.

இந்த ஊராக இருந்தாலும் சரி, வேறு எந்த ஊராக இருந்தாலும் சரி, பரீட்சை நெருங்கினால் பிளஸ்-2 பிள்ளைகளின் வயிற்றைக் கலக்குவது கெமிஸ்ட்ரி!

கணக்கு வராதவன் கூட 'போட்டுப் பார்க்கலாம்' என்பான். கெமிஸ்ட்ரிக்கு மட்டும் ராத்திரி கண் முழித்து உருப்போடுகிறார்கள். காலையில் ஹாலில் உட்கார்ந்ததும் பாதி பறந்து போகிறது. புரியாமல் படித்தால் வேறு என்ன நடக்கும்?

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாடத்தில் பாதி இந்தப் பக்கத்துத் தெருக்களிலேயே கிடக்கிறது.

கல்லுக்குள் கெமிஸ்ட்ரி

பிளஸ்-2 புத்தகத்தில் 2-வது பாடத்தில் 'சிலிக்கேட்டுகள்' வருகிறது. பிள்ளைகள் பயந்து ஓடும் பகுதி. விஷயம் இவ்வளவுதான்:-

நடுவில் ஒரு சிலிக்கான். அதைச் சுற்றி நாலு மூலையிலும் நாலு ஆக்சிஜன். இதுதான் ஒரு 'செங்கல்'. இது தனியாக நின்றால் ஆர்த்தோ. இரண்டு செங்கல் ஒரு மூலையைப் பங்கு போட்டுக்கொண்டால் பைரோ. ஒவ்வொன்றும் இரண்டு மூலையைப் பங்கு போட்டால் சங்கிலி அல்லது வளையம். மூன்று மூலை என்றால் தகடு. நாலு மூலையும் கைகோத்தால் முப்பரிமாண வலை.

கல் கொத்துகிறவருக்கு இது வேறு பாஷையில் தெரியும். பாறையில் மினுங்குகிற காக்காய்ப்பொன், அதாவது மைக்கா, நகத்தால் சுரண்டினாலே ஏடு ஏடாக உரியும். ஏன்? அது தகடு சிலிக்கேட்! குவார்ட்ஸ் உரியாது, உளி முனையை மழுக்கும். ஏன்? நாலு பக்கமும் கட்டிப்போட்ட வலை!

பட்டறையில் ஒரு நாள் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்த பையன், பரீட்சையில் 3 மார்க் கேள்வியை விடமாட்டான்.

நெஞ்சில் ஏறும் தூசி

ஆனால் புத்தகம் அழுத்திச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அதே குவார்ட்ஸ் தூசியாகப் பறந்து மூச்சோடு உள்ளே போனால் 'சிலிக்கோசிஸ்'. நுரையீரலில் தழும்பு விழும். மூச்சு வாங்கும். காசநோய் சுலபமாகப் பற்றும். விழுந்த தழும்பை ஆற்ற மருந்து கிடையாது.

கை உளியை விட மெஷின் கட்டரில் பறக்கும் தூசி நுணுக்கமானது, ஆழமாகப் போகும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். மூக்கில் துண்டு கட்டினால் போதாது, அதற்கென்று உள்ள மாஸ்க் வேண்டும். பரீட்சையில் இதற்கு மார்க் கிடையாது. இருந்தாலும் கல்வேலை நடக்கும் வீட்டுப் பிள்ளை முதலில் படிக்க வேண்டிய கெமிஸ்ட்ரி இதுதான்.

அக்கானியும் ரப்பர் பாலும்

அடுத்தது பி.எச். சங்கதி. பனையேறி கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது அக்கானி. தடவாவிட்டால் கள். காரணம், சுண்ணாம்பு பி.எச். அளவைத் தூக்கிவிடுகிறது. ஈஸ்ட் வேலை செய்ய முடிவதில்லை. சுண்ணாம்பு இல்லாவிட்டால் சர்க்கரை எத்தில் ஆல்கஹாலாக மாறும். கார்பன்-டை-ஆக்சைடு நுரையாகப் பொங்கும். அயனிச் சமநிலை, ஆல்கஹால் என இரண்டு பாடம் ஒரே பனைமரத்தில்!

இதோடு ஒன்றையும் மறக்கக் கூடாது: பி.எச். 4-க்கும் 2-க்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு அல்ல, நூறு மடங்கு. இந்த இடத்தில் சறுக்குகிறவர்கள் ஏராளம்.

குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பார்கள். அது பார்மிக் ஆசிட். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்கள் எதிர் மின்சுமை உள்ளவை. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. ஆசிட் அந்தச் சுமையைக் கொன்றுவிடுகிறது. துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. 'கூழ்மம் திரிதல்' என்று புத்தகத்தில் இருப்பது இதுதான்.

மணவாளக்குறிச்சி மணல் மட்டும் சும்மாவா? இந்தக் கரையில் இருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. சீரியம், லாந்தனம் என்று லாந்தனைடு குடும்பமே அதில்தான் குடியிருக்கிறது. அந்த மணலை அள்ளலாமா, கூடாதா என்ற சண்டை தனிக்கதை.

ஆர்கானிக் பூச்சாண்டி

ஆர்கானிக் என்றால் வினைகளின் பெயர்ப் பட்டியல் என்று நினைத்துத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெயரை விட்டுத்தள்ளி, ஒரே கேள்வி கேட்டுப் பார்க்கலாம். ஆல்டிஹைடில் ஆல்பா ஹைட்ரஜன் இருக்கிறதா? காரத்தோடு சேர்ந்தால், இருப்பது ஆல்டால் வினைக்குப் போகும்: உதாரணம் அசிட்டால்டிஹைடு. இல்லாதது கானிசாரோவுக்குப் போகும்: பார்மால்டிஹைடும் பென்சால்டிஹைடும்.

டாலன்ஸ் கரைசலில் வெள்ளிக் கண்ணாடி காட்டுவது ஆல்டிஹைடு. ஆனால் ஆசிட் கூட்டத்தில் ஒருவர் மட்டும் அந்த வேலையைச் செய்வார். யார்? ரப்பர் பால் உறைய வைத்த அதே பார்மிக் ஆசிட்! ஒரு மார்க் கேள்விக்கென்றே பிறந்த ஆசாமி.

மார்க் கணக்கு

ஒரு பாடத்துக்கு 200 மார்க் என்பது 2018 பரீட்சையோடு முடிந்தது. இப்போது 100. எழுத்துத் தேர்வுக்கு 70, பிராக்டிகலுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10.

'பிராக்டிகல் மார்க் வந்துரும், அப்புறம் என்னவே' என்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 30-க்கு 30 வாங்கினாலும் எழுத்துத் தேர்வில் 15 தொடாவிட்டால் பெயில்தான்!

ஒரு மார்க் கேள்வி 15. இரண்டு மார்க்கில் 9 கேட்டு 6 எழுத வேண்டும். மூன்று மார்க்கிலும் அப்படியே. இரண்டிலும் ஒவ்வொரு கேள்வி கட்டாயம். ஐந்து மார்க் ஐந்தும் 'அது அல்லது இது' ரகம். மந்தமான மாணவன் முதலில் ஒரு மார்க்கைப் பிடிப்பதுதான் புத்தி. இன்ஜினியரிங் கட்-ஆப் 200-ல் கெமிஸ்ட்ரிக்கு 50. அதாவது இங்கே ஒரு மார்க் போனால் கட்-ஆப்பில் அரை மார்க் அவுட். டாக்டர் கனவு என்றால் நீட் தேர்வின் 720-ல் கெமிஸ்ட்ரி 180.

பிங்க் நிறம் ஜாக்கிரதை

பிராக்டிகலில் மார்க் பறிபோவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான். பியூரெட்டையும் பிப்பெட்டையும் அததற்குரிய கரைசலால் அலச வேண்டும். கோனிக்கல் பிளாஸ்கை வெறும் தண்ணீரில்தான் அலச வேண்டும். கரைசலில் அலசினால் கணக்கே தப்பு. பியூரெட் முனையில் காற்றுக் குமிழி இருந்தாலும் ஆபத்து. பெர்மாங்கனேட் கலர் கடுமையானது என்பதால் மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும்.

ஆக்சாலிக் ஆசிட்டைச் சூடாக்கித்தான் தொடங்க வேண்டும். முதல் சொட்டின் நிறம் சீக்கிரம் மறையாது. பயந்து போய் மேலே மேலே ஊற்றக் கூடாது. சற்றுப் பொறுத்தால் மாங்கனஸ் அயனி உண்டாகி, அதுவே வினையை விரட்டும். 'தன் வினைவேக மாற்றம்' என்று படித்தது இதைத்தான்.

கரைசல் பழுப்பாகிவிட்டால் சல்பூரிக் ஆசிட் குறைந்துபோனது என்று அர்த்தம். கீழே கொட்டிவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். வெளிறிய பிங்க் நிறம் அரை நிமிஷம் மறையாமல் நின்றால், அங்கேயே குழாயை மூடி ரீடிங்கைக் குறிக்கலாம்.